பதினொரு மணிக் கோபம்

ஒரு செவ்வாய்க்கிழமை விடிய என் மனைவிக்கு இன்சுலின் ஊசியை இரண்டு தரம் போட்டுவிட்டேன். இரண்டுக்கும் நடுவே இருபது நிமிடம்கூட இருக்காது. இதை எழுதும்போதும் என் வலது கைப் பெருவிரல் கூசுகிறது. ஊசியின் பிடியை அமுக்கியது அந்த விரல்தான்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. அவளுக்கு எழுபது. மயிலிட்டித் துறைமுகத்துக்குச் சற்று மேற்கே, மீள்குடியேற்றத்தில் கிடைத்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கிறோம். ஒரே மகள் பிரான்சில். வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது என் தொழில். இப்போது கழற்றிப் பூட்டுவதில்லை. யாராவது வந்து எஞ்சினின் சத்தத்தைச் சொன்னால் என்ன பழுதென்று சொல்லிவிடுவேன்.

அவளுக்குச் சீனி வருத்தம் வந்தது நாங்கள் சண்டையால் இடம்பெயர்ந்து சுன்னாகத்துப் பக்கம் முகாமில் இருந்த காலத்தில். முதலில் குளிசை மட்டும். பிறகு ஊசியும் சேர்ந்தது. பத்து வருடத்துக்கு மேல் அவளே தனக்கு ஊசி போட்டுக்கொண்டாள். குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போடுவாள். எத்தனை அளவு, எந்த இடம் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அது அவளுடைய வேலை என்று இருந்துவிட்டேன். பிறகு கண்ணுக்குள் இரத்தம் கசிந்து பார்வை மங்கியது. ஆட்கள் தெரிவார்கள், கதிரை மேசை தெரியும், எழுத்துத் தெரியாது. ஒரு நாள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, இதிலை இருக்கிற கோடெல்லாம் எறும்பு மாதிரி ஊருது. இனி நீங்கள்தான் போட வேணும்."

கிளினிக்கில் ஊசி போடுகிற தாதி, ஒரு மிஸ்ஸி, எனக்குச் சொல்லித் தந்தார். மருந்துப் போத்தலைக் குலுக்கக் கூடாது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். காற்றுக்குமிழ் இருந்தால் தட்டி எடுக்க வேண்டும். வயிற்றில் ஒரு நாள் இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம். காலையில் இருபத்தாறு, பின்னேரம் பதினான்கு. போட்டு அரை மணித்தியாலத்துக்குள் சாப்பாடு. எஞ்சினுக்கு எண்ணெய் கலந்த கை எனக்கு. இது ஒன்றும் பெரிய வேலையாகத் தெரியவில்லை.

மகள் அனுப்பிய சீனி பார்க்கிற மெசினும் வீட்டில் இருந்தது. விடிய ஒருக்கால் விரலில் குத்தி, வந்த எண்ணைக் கொப்பியில் எழுதுவேன். எண் குறையக் குறைய எனக்குச் சந்தோசம். எண்பத்தெட்டு வந்த நாளில் சிவப்புப் பேனையால் கீழே கோடு போட்டேன். எழுபத்தாறு வந்த நாளில் மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கிளினிக்கில் கொப்பியைப் பார்த்த மிஸ்ஸி, "இப்பிடி எழுதிக்கொண்டு வாற ஆக்கள் குறைவு ஐயா" என்றார். எழுதியதைத்தான் அவர் மெச்சினார். நான் அதை எண்ணுக்குக் கிடைத்த மெச்சலாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாப்பாட்டில் கடுமை பிடித்தேன். சோறு ஒரு அகப்பை. இடியப்பம் மூன்று. மாம்பழக் காலத்தில் வீட்டுக்குள் மாம்பழம் வர விடவில்லை. அயலில் யாராவது பலகாரம் கொண்டு வந்தால் படலையிலேயே நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். சாப்பிட்டு முடிந்து கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள்.

ஆனால் பதினொரு மணியானால் அவள் வேறு ஆள்.

நாற்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவளின் வாயிலிருந்து நான் கேட்காத சொற்கள் அந்த நேரத்தில் வரும். வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள், திடீரென்று கத்தியை எறிவாள். "எல்லாரும் சேந்து என்னைக் கொல்லப் பாக்கிறியள்" என்பாள். நெற்றி வியர்த்திருக்கும். கை பதறும். கோபத்தில் பதறுகிறது என்று நினைப்பேன். நானும் எதிர்த்துக் கதைப்பேன். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டதும் அமைதியாகிவிடுவாள். பின்னேரம் அந்தச் சண்டையைப் பற்றி நான் கதை எடுத்தால், "எந்தச் சண்டை?" என்று கேட்பாள்.

அந்தக் கேள்வி எனக்குப் பயத்தைத் தந்தது. மறதி வருத்தம் தொடங்குகிறதோ என்று யோசித்தேன். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி ஒரு மனிசி தன் பிள்ளைகளின் முகத்தையே மறந்துபோய்க் கிடந்து செத்தவர். அப்படி இவளும் ஒரு நாள் என்னைப் பார்த்து யாரென்று கேட்டால் நான் என்ன செய்வேன்? மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் அங்கே இருந்துகொண்டு அழுவாள்.

ஒரு முறை மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் கையை விட்டேன். கடதாசியில் சுற்றிய பனங்கட்டி அகப்பட்டது. பாதி கடித்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"களவாய்த் தின்னுறியோ? கண்ணைத் துலைச்சாய். இனிக் காலையும் துலைக்கப் போறியோ? இதை அறிஞ்சால் கிளினிக்கிலை என்ன பேச்சுப் பேசுவினம் தெரியுமோ?"

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பனங்கட்டியைக் கொண்டுபோய்ப் பின்வளவில் எறிந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

காலை ஏழு மணிக்கு ஊசி போட்டேன். போட்டேன் என்பது பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் வாசலில் ஒருவர் கூப்பிட்டார். முதல் நாள் கடலில் எஞ்சின் நின்றுபோய், இன்னொரு வள்ளத்தில் கட்டி இழுத்து வந்தவர். எப்படி நின்றது, நிற்கிறதுக்கு முன்னம் என்ன சத்தம் வந்தது என்று கேட்டேன். எஞ்சின் கதை என்றால் எனக்கு நேரம் தெரியாது. கால் மணி நேரம் போயிருக்கும். அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தபோது மருந்துப் போத்தல் மேசையில் இருந்தது. ஊசி போட்டவுடன் அதைப் பிரிட்ஜில் வைப்பது என் வழக்கம். வெளியே இருக்கிறபடியால் இன்னும் போடவில்லை என்று என் மூளை சொன்னது.

"இஞ்சேர், ஊசி போட்டனானோ?"

அவள் குசினிக்குள் சொதியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். "போட்டனீங்கள் போலை கிடக்கு… அது நேற்றோ தெரியேல்லை. நான் கவனிக்கேல்லை."

ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே கதிரை, அதே வயிறு. நேற்றையதும் இன்றையதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. நான் சற்று நின்று யோசித்திருக்கலாம். ஊசி தவறினால் சீனி ஏறிவிடும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பயம். மற்றப் பக்கத்துப் பயம் என் தலைக்குள் வரவேயில்லை. புது ஊசி எடுத்து, இருபத்தாறு இழுத்து, போட்டேன்.

பாவித்த ஊசிகளைப் போடுவதற்கு மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்று வைத்திருந்தோம். நிரம்பிய போத்தலை முதல் நாள் மத்தியானம்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டுப் புதுப் போத்தல் வைத்திருந்தேன். அதற்குள் நேற்றுப் பின்னேரம் போட்ட ஒன்று மட்டும் கிடக்க வேண்டும். மூடியைத் திறந்து பார்த்தால் இரண்டு கிடந்தன. என் கையில் மூன்றாவது.

போத்தலைக் கவிழ்த்துக் கொட்டித் திரும்ப எண்ணினேன். மூன்றுதான். ஐம்பத்திரண்டு அளவு மருந்து அவளுடைய உடம்புக்குள். காலைக் குளிசைகளும் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. உள்ளே போனதைத் திருப்பி இழுக்க வழியில்லை.

குசினிக்குள் ஓடினேன். இடியப்பத்தைக் கோப்பையில் அள்ளி வைத்தேன். தேத்தண்ணியில் நாலு கரண்டி சீனி போட்டு நீட்டினேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்ன இது, சீனியெல்லோ போட்டிருக்கிறியள்? உங்களுக்கென்ன விசரே?"

"குடி. கதையாதை. குடி."

"ஆறு இடியப்பம் வச்சிருக்கிறியள். மூண்டுக்கு மேலை தொட விடாத மனிசன். என்ன செய்தனீங்கள்?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்துக்குக் கிட்ட வந்து பார்த்தாள். அவளுக்கு என் முகம் தெளிவாகத் தெரிந்திராது. ஆனால் தெரிந்துகொண்டாள்.

"ரெண்டு தரம் போட்டிட்டியளோ?"

"ஓம்."

அவள் கதிரையில் இருந்தாள். பிறகு, "சரி. ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றாள்.

அப்போதே போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. அதுதான் இரண்டாவது பிழை. முதல் பிழையாவது மறதியில் நடந்தது, இது வெட்கத்தில் நடந்தது. கொப்பி எழுதுகிற மனிசன், ஒரு சொட்டும் பிசகாதவன், டொக்டருக்கு முன்னால் போய் நின்று என்ன சொல்வது? மெசினை எடுத்துக் குத்திப் பார்த்தேன். நூற்று நாற்பத்திரண்டு. "பார், நல்லாத்தானே இருக்கு. கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்றேன். எட்டரைக்குத் திரும்பப் பார்த்தேன். நூற்று எழுபத்தொன்று. சீனித் தேத்தண்ணி வேலை செய்கிறது என்று மூச்சு விட்டேன். இனிப் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. அவள் தண்ணீர் குடித்தால் ஏன் குடிக்கிறாள் என்று பார்த்தேன். கண்ணை மூடினால் கூப்பிட்டேன்.

"இருக்கிறன், இருக்கிறன்" என்றாள். "சும்மா கூப்பிட்டுக்கொண்டிருக்காதேங்கோ."

ஒன்பதே முக்காலுக்குத் தொண்ணூற்றேழு. பத்தேகாலுக்கு அறுபத்தெட்டு. எண் இறங்கியதைக் கொப்பியில் எத்தனை தரம் எழுதி மகிழ்ந்திருப்பேன்! அன்று அது கீழே விழுந்துகொண்டிருந்த ஒரு பொருளாகத் தெரிந்தது. அவளுடைய மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. கை பதறியது.

பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டோ வைத்திருக்கிறார். வேலிக்கு மேலால் கூப்பிட்டேன். வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடு அப்படியே வந்து ஸ்டார்ட் பண்ணினார். அவருடைய மனைவி குளுக்கோஸ் பெட்டி ஒன்றை ஓடி வந்து என் மடியில் போட்டா.

ஓட்டோவுக்குள் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். குளுக்கோஸை விரலால் தொட்டு அவளுடைய கன்னத்துக்கு உட்புறத்தில் பூசிக்கொண்டு வந்தேன். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பும்போது அவள் கதைக்கத் தொடங்கினாள்.

"வாளியைக் கொண்டுபோய் வச்சனீங்களோ?"

"எந்த வாளி?"

"தண்ணி வண்டி வரப்போகுது. லைனிலை வாளி வைக்காமல் இஞ்சை என்ன செய்யிறியள்? பிள்ளைக்குக் குளிக்கத் தண்ணியில்லை. எல்லாரும் சேந்து என்னைக் கொல்லப் பாக்கிறியள்."

முகாமில் தண்ணீருக்கு வரிசையில் வாளி வைத்த காலத்துக்குப் போய்விட்டாள். கடைசி வசனம் எனக்குத் தெரிந்த வசனம். பதினொரு மணிக்கு வெங்காயக் கத்தியை எறிந்துவிட்டுச் சொல்லும் அதே வசனம். அதே வியர்வை. அதே பதறல். நான் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு நாளும் நடந்தது கோபம் இல்லை. மறதியும் இல்லை. பதினொரு மணிக்கு அவளுடைய சீனி விழுந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும், என் கண் முன்னால். நான் அவளோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கெதியா விடுங்கோ" என்று ஓட்டோக்காரரிடம் சொன்னேன்.

"விடுறன் ஐயா. அம்மாவைக் கதைக்க வச்சுக்கொண்டு வாங்கோ."

"வாளி வச்சிட்டன்" என்று அவளிடம் சொன்னேன். "முன்னுக்குத்தான் வச்சிருக்கு. எங்கடை வாளிதான் முதல்."

"நிறைஞ்சிட்டுதோ?" என்றாள். அதன்பிறகு அவள் கதைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இறக்கும்போது கூப்பிட்டால் முனகுகிற நிலையில் இருந்தாள். விரலில் குத்தினார்கள். நாற்பத்தொன்று. என்னை வெளியே நிற்கச் சொல்லவில்லை, ஆனால் நானாகவே சுவரோடு ஒதுங்கி நின்றேன். கையில் நரம்பு தேடிக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அது ஏறி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அவள் கண்ணைத் திறந்து, யாரோ தன்னை நித்திரையால் எழுப்பிவிட்டது போலச் சுற்றிப் பார்த்தாள். "என்ரை செருப்பு எங்கை?" என்று கேட்டாள்.

டொக்டர் ஒரு இளம் பெண். என் மகளை விட வயது குறைவு. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மூன்று ஊசி எண்ணியதையும் சொன்னேன், மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"ஐயா, ஊசி கூடிப்போச்செண்டால் மெசினைப் பாத்துக்கொண்டு இருக்கக் கூடாது. சாப்பாடு குடுத்துப்போட்டு உடனை வரவேணும். இந்த மருந்து கனநேரம் நிண்டு வேலை செய்யும். இப்ப கண் முழிச்சாலும் திரும்பவும் விழும். நாளைக்கு வரைக்கும் வாட்டிலை இருக்கட்டும்."

பிறகு கொப்பியைக் கேட்டார். மெசினோடு சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அவர் பக்கம் பக்கமாகத் தட்டினார். சிவப்புக் கோடுகளைக் கண்டார்.

"இந்தக் கோடு என்னத்துக்கு ஐயா?"

"நல்லாக் குறைஞ்ச நாளுக்குப் போட்டது."

அவர் ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார். "விடிய எழுபத்தாறு எண்டால் ஊசி போட்டாப் பிறகு எங்கை போய் நிக்கும்? இந்த வயசிலை சீனி கொஞ்சம் கூட நிண்டாலும் நாங்கள் சமாளிப்பம். குறைஞ்சுபோனால்தான் ஆபத்து. வயசு போகச் சிறுநீரகம் களைச்சுப் போகும், மருந்து கெதியா வெளியிலை போகாது. அம்மாவுக்கு முந்தி வியர்த்து, நடுக்கம் வந்து, குணம் மாறுறது நடந்திருக்கோ?"

"ஓம்" என்றேன். "பதினொரு மணி போலை. கோவக்காரி எண்டு நினைச்சனான்."

கட்டிலில் இருந்து அவளுடைய குரல் வந்தது. "அந்த நேரத்திலை உள்ளுக்குள்ளை எல்லாம் பதறும் டொக்டர். கண் இருட்டும். ஒரு கடி பனங்கட்டி கடிச்சால் நிக்கும். அதுதான் ஒளிச்சு வச்சனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றேன்.

"சொல்ல எங்கை விட்டனீங்கள்? கிளினிக்கிலை பேசுவினம் எண்டு பயப்பிடுத்தினீங்கள். எறிஞ்சும் போட்டியள்."

டொக்டர் எழுதிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. பக்கத்துக் கட்டில் மனிசி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா. அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் காலை இழுக்கவில்லை.

அன்று பின்னேரம் வரைக்கும் மணிக்கு ஒரு தரம் குத்திப் பார்த்தார்கள். இரண்டு தரம் திரும்பவும் விழுந்தது. அடுத்த நாள் மத்தியானம் விட்டார்கள். பின்னேர ஊசியை நிறுத்தினார்கள். காலை ஊசியின் அளவைப் பாதிக்குக் கிட்டக் குறைத்தார்கள். காலையில் கொடுக்கிற, சீனியை இன்னும் இறக்கும் சின்ன வெள்ளைக் குளிசை இனி வேண்டாம் என்று கிளினிக் கொப்பியில் குறுக்கே கோடு போட்டார்கள். பனங்கட்டியோ குளுக்கோஸோ எப்போதும் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள்.

மகளுக்கு அன்றே சொன்னோம். அவள் அழுதாள், பிறகு கோபப்பட்டாள், பிறகு தகப்பனும் தாயும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும் என்றாள். "உன்ரை அப்பாவை அங்கை வச்சால் ரெண்டாம் நாள் அவையள் வாசலிலை கொண்டுவந்து விட்டிடுவினம்" என்று என் மனைவி சொன்னாள். போனுக்குள்ளே மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆனால் அந்தப் பேச்சு முடிந்துவிடவில்லை. மாதத்துக்கு ஒரு தரம் இன்னும் எடுக்கிறாள்.

இப்போது ஊசி போடுவதற்கு முன் சுவரில் உள்ள கலண்டரில் அன்றைய திகதியைப் பேனையால் வெட்டுகிறேன். திகதி வெட்டியிருந்தால் போடுவதில்லை. எத்தனை இழுத்தேன் என்று சத்தமாகச் சொல்ல, அவள் திருப்பிச் சொல்கிறாள். அதன்பிறகுதான் போடுகிறேன். சந்தேகம் வந்தால் போடாமல் விடுவது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். இதெல்லாம் செய்தும் ஊசி ஏறும்போது கலண்டரை இன்னொருமுறை திரும்பிப் பார்க்கிறேன். மெசினில் நூற்று அறுபது வந்தால் பழைய பயம் எழும்புகிறது. தொண்ணூறு வந்தால் புதுப் பயம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எண்களில்தான் நான் தேத்தண்ணி குடிக்கிறேன்.

பதினொரு மணிக்கு அவள் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிடுகிறாள். அந்த நேரத்தில் அவள் கத்தியை எறிந்து பல மாதமாகிறது. வெங்காயம் உரித்துக்கொண்டு அயலில் நடந்த கல்யாணத்தைப் பற்றிக் கதைக்கிறாள். நான் எத்தனை நாட்கள் அவளுடைய குணத்தைக் குறை சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் அந்தக் கதை என் காதில் ஏறுவதில்லை.

போன மாதம் எனக்கும் கண்ணைச் சோதித்தார்கள். இரண்டு கண்ணிலும் வெண்புரை. வலது கண்ணுக்கு அடுத்த மாதம் சத்திரசிகிச்சை என்று துண்டு தந்தார்கள். ஊசியின் கோடுகள் எனக்கும் சில விடியல்களில் இரண்டிரண்டாகத் தெரிவதை நான் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. வரும் வழியில் அவளிடம் சொன்னேன். இந்த முறை ஒளிக்கவில்லை.

என் கண்ணில் கட்டுப் போட்டிருக்கப் போகிற நாட்களில் ஊசி போட ஓட்டோக்காரரின் மனைவி ஒத்துக்கொண்டா. நேற்று விடிய வந்து பழகினா. போத்தலை உருட்டினா, குமிழைத் தட்டினா, அளவைச் சத்தமாகச் சொன்னா. நான் பக்கத்தில் நின்று, "இன்னும் ஒரு கோடு கீழை… இல்லை, மேலை… பொறுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நீங்கள் வெளியிலை போய் நில்லுங்கோ" என்றாள் என் மனைவி. "உங்களாலைதான் அந்தப் பிள்ளைக்குக் கை நடுங்குது."

நான் விறாந்தைக்கு வந்து நின்றேன். உள்ளே அவ எண்ணைச் சொல்வதும், என் மனைவி அதைத் திருப்பிச் சொல்வதும் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்க்காமல் நிற்பதற்கு யன்னல் கம்பியை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.